மேடேறிய ஓடை

என் அண்ணி குடியிருக்கும் வீடு ஓர் ஓடைக்குள் இருக்கிறது என்று நகராட்சியிலிருந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒட்ட வந்தவர் தெருவின் கீழ்முனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். அந்தத் தெருவில் யாரும் சைக்கிளை மிதித்து ஏற முடியாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அவரும் தள்ளிக்கொண்டு இரைக்க இரைக்க மேலே வந்து, அண்ணியிடம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு அவள் வீட்டுக் கதவிலேயே "இவ்விடம் பழைய நீர்வழி. ஆக்கிரமிப்பாளர்கள் காலி செய்ய வேண்டும்" என்று ஒட்டியிருக்கிறார். இந்த மேட்டில் தண்ணீர் எப்படி ஏறியிருக்கும் என்று அந்த மனிதருக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. பசை வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அவரைச் சொல்லி என்ன? ஒட்டுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. யோசிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் யோசிக்கவில்லையே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைபட அறையைப் பார்த்துக்கொள்கிறவள். ஆளுயரத்துக்கு அடுக்கிய இரும்பு இழுப்பறைகள், நடுவில் கட்டில் அகலத்துக்கு ஒரு மேசை, மூலையில் எப்போதும் முனகிக்கொண்டிருக்கும் ஈரம் உறிஞ்சும் இயந்திரம், இவ்வளவுதான் என் ராஜ்யம். என்னைப் பற்றி யாராவது கேட்டால், "எங்க நாத்தனார் காகிதத்துக்கு ஃபேன் போட்டுக் காப்பாத்தறா" என்று அண்ணி சொல்லிக்கொண்டிருப்பாள். நாங்கள் இருவரும் பார்த்தால் முட்டிக்கொள்கிற ஜாதி. என் அண்ணன் மட்டும் யாரோடும் முட்டிக்கொள்ளமாட்டான். எது வந்தாலும் "பாத்துக்கலாம்" என்பான். அவனுக்குப் பெயரே அதுதான் ஆகிவிட்டது, தெருவில் குழந்தைகள்கூட "பாத்துக்கலாம் மாமா" என்றுதான் கூப்பிடும்.

நோட்டீஸைக் கதவின் பெயிண்டோடு சேர்த்துப் பிய்த்துக்கொண்டு அண்ணி நேரே என் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. சீருடைகூட மாற்றவில்லை, முழங்கைவரை சோப்புத் தண்ணீரில் ஊறிய கை வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"உங்க அண்ணன் என்ன சொன்னார்னு கேக்காத" என்றாள்.

"கேக்கல அண்ணி. எனக்கே தெரியும்."

"வீட்டை இடிச்சு முடிச்ச பிறகும் கல்லு மேல உக்காந்து பாத்துக்கலாம்னுதான் சொல்வார். நீ இதைப் பாரு. இதுல ஒரு படம் போட்டிருக்கான். உன் டிபார்ட்மெண்ட் பேரு போட்டிருக்கு."

போட்டுத்தான் இருந்தது. "ஆதாரம்: பழைய நில அமைப்பு வரைபடம்" என்று கீழே பொடி எழுத்தில் எங்கள் அலுவலகத்தின் பெயர். எனக்குச் சுருக்கென்றது. இன்றைய வரைபடத்தின் மேல், பழைய படத்திலிருந்து ஓடையை மட்டும் உருவியெடுத்து, தடித்த நீலக் கோடாகப் போட்டிருந்தார்கள். அந்தக் கோடு ஆற்றிலிருந்து கிளம்பி, அண்ணியின் தெருவை நெடுக்கில் பிளந்துகொண்டு, அவள் சமையலறை வழியாகப் போய், மேட்டின் மறுபக்கம் இறங்கியது. தெருவில் ஒரு வீடு மிச்சமில்லை.

இதெல்லாம் எதற்காக என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன மழையில், நகராட்சி கட்டிய மருத்துவமனையின் புதுக் கட்டடத்தில், கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. கட்டி முடித்துத் திறப்புவிழா நடத்திய பந்தலைக்கூட அப்போது பிரித்திருக்கவில்லை. இது எப்படி நடந்தது என்று பார்க்க நகராட்சியிலேயே ஒரு குழு போட்டார்கள். அந்தப் பக்கம் ஒரு பழைய ஓடை இருந்தது, அதை யாரோ அடைத்துவிட்டார்கள், அடைத்த இடத்தைக் கண்டுபிடித்துத் திறந்துவிட்டால் கட்டடம் தப்பிக்கும் என்று குழு சொன்னது. யோசனையில் தப்பில்லை. ஓடையைக் கண்டுபிடிக்கும் வேலையை வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்தார்கள். அங்கிருந்து மடிக்கணினியோடு ஒருவர் வந்து என் அறையிலிருந்து பழைய வரைபடத் தாளைப் படம் பிடித்துக்கொண்டு போனார். அன்றைக்கே நான் கேட்டேன், "இதைப் படிக்கத் தெரியுமா?" என்று. "படிக்கறதெல்லாம் சாஃப்ட்வேர் பாத்துக்கும் மேடம்" என்றார். எங்கள் அண்ணனுக்கு இயந்திரத்தில் ஒரு தம்பி கிடைத்துவிட்டதாக அப்போது சிரித்துக்கொண்டேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

"அண்ணி, இந்தப் பழுப்புக் கோடெல்லாம் தெரியுதா?" என்றேன், நோட்டீஸில் இருந்த படத்தைக் காட்டி. "ஒரே உயரத்துல இருக்கற இடத்தையெல்லாம் சேர்த்து இழுத்த கோடு. ஒரு கோட்டுல இருந்து அடுத்த கோட்டுக்குப் போனா, ஒண்ணு ஏறறோம், இல்ல இறங்கறோம்."

"சரி."

"உங்க தெருவுல அஞ்சு கோடு நெருக்கமா இருக்கா? அதான் மேடு. இப்ப இந்த நீலத்தைப் பாருங்க. அஞ்சு கோட்டையும் ஒண்ணொண்ணா தாண்டி மேல ஏறி, அந்தப் பக்கம் இறங்குது."

அண்ணி உற்றுப் பார்த்தாள். "தண்ணி ஏறுதா?"

"ஏறுது. அதுவும் சைக்கிளை விட்டு இறங்காமலே ஏறுது."

அண்ணி சிரிக்கவில்லை. "இத்தனை பேரு கையெழுத்து போட்டிருக்கான். ஒருத்தனுக்குக் கூடவா கண்ணு இல்ல?" என்றாள். கண் இருந்தது. படம் அழகாக, வண்ணத்தில், கம்ப்யூட்டரில் வந்திருந்தது. அப்படி வந்துவிட்டால் தண்ணீர் மாடிப்படி ஏறினாலும் நம்முடைய ஆட்கள் தலையாட்டுவார்கள்.

இழுப்பறையிலிருந்து மூலத் தாளை எடுத்து மேசையில் விரித்தேன். துணி ஒட்டிய கெட்டித் தாள், மடிப்புகளில் மட்டும் லேசாக வெளுத்திருக்கும். நான் அந்தத் தாளை அடிக்கடி எடுத்துப் பார்ப்பது உண்டு, வேலைக்காக இல்லை, ஆசைக்காக. யார் அளந்தார்கள் என்று தெரியாது. ஆனால் கால் நடையாக நடந்து அளந்தவர்கள் என்பது தாளைப் பார்த்தாலே தெரியும். கிணறு இருந்த இடத்தில் சின்ன நீல வட்டம், வண்டிப் பாதைக்கு இரட்டைக் கோடு, ஆள் நடக்கிற பாதைக்குப் புள்ளிக் கோடு. மழையில் மட்டும் ஓடுகிற ஓடைக்கு இடைவெளி விட்ட கோடுதான் போடுவார்கள். வருஷம் முழுக்க ஓடுகிற ஓடைக்குத்தான் விடாத கோடு.

எங்கள் ஓடைக்கு விடாத கோடு போட்டிருந்தது. ஓரத்தில் "கோடையில் அளந்தது" என்று குறிப்பு. ஓடை கிளம்புகிற இடத்தில், மேட்டின் அடிவாரத்தில், ஊற்றுக்கான குறி. அதாவது, வெயிலில் மண்டை வெடிக்கிற காலத்திலும் அங்கே தண்ணீர் ஓடியதை அந்த மனிதர்கள் கண்ணால் பார்த்து வரைந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருந்தது. ஓடை கடக்கிற இடத்தில் பழுப்புக் கோடுகள் எல்லாம் மூக்கு நீட்டிக்கொண்டு மேல்பக்கமாக வளையும். தண்ணீர் அரித்த பள்ளம் அப்படித்தான் படத்தில் தெரியும். மூலத் தாளில் நீலக் கோடு ஒவ்வொரு மூக்கின் நுனியிலும் கச்சிதமாகப் போனது. நோட்டீஸ் படத்திலோ மூக்குகள் ஒரு பக்கம் சும்மா கிடந்தன, ஓடை வேறு பக்கம் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சும்மா கிடந்த மூக்குகளின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனேன். ஊற்று இருந்த அடிவாரம், பிறகு சில கிடங்குக் கட்டடங்கள், பிறகு ஒரு பெரிய சாம்பல்நிறச் சதுரம்.

"இது என்ன கட்டடம் தெரியுதா அண்ணி?"

அவள் குனிந்து பார்த்தாள். வாசலையும் ஆம்புலன்ஸ் நிற்கிற வளைவையும் கண்டுபிடித்தாள். "இது எங்க புதுக் கட்டடம். நாங்க துணி துவைக்கற இடம்" என்றாள். பிறகு, "அங்க தண்ணி இறைக்கற மோட்டார் நிக்கறதே இல்லை. மழையே இல்லாத மாசத்துலயும் ஓடிக்கிட்டே இருக்கும். மெஷின் தண்ணிதான் கசியுதுன்னு சொன்னாங்க" என்றாள்.

ஓடை இருந்தது உண்மை. அதை யாரோ அடைத்ததும் உண்மை. அடைத்தவர்கள் யார் என்பதுதான் குழுவுக்குத் தெரியாத சங்கதி, ஏனென்றால் அவர்களேதான் அதன் மேல் மூன்று மாடி கட்டிவிட்டு, கீழே அண்ணியையும் இன்னும் பல பெண்களையும் துணி துவைக்க விட்டிருந்தார்கள்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு மடிக்கணினிக்காரரைத் தேடிப் போனேன். அண்ணியும் கூடவே வந்தாள். வரவேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, சுவரில் உலக வரைபடம். நல்ல பையன்தான், மரியாதையாக நாற்காலி போட்டார். எப்படிப் பொருத்தினார் என்று கேட்டதும் உற்சாகமாகத் திறந்து காட்டினார்.

பழைய படத்தை இன்றைய படத்தோடு பொருத்துவதற்கு, இரண்டிலும் இருக்கிற சில இடங்களை அடையாளம் காட்ட வேண்டும். பழைய படத்தில் ரயில் நிலையம் இங்கே, புதுப் படத்தில் அதே ரயில் நிலையம் இங்கே என்று ஒவ்வொன்றாகக் குத்திக் காட்டினால், மென்பொருள் தாளை இழுத்து, திருப்பி, மேலே போட்டுக்கொள்ளும். இவர் மூன்று இடங்களைக் குத்தியிருந்தார். ரயில் நிலையம், மணிக்கூண்டு, ஆற்றுப் பாலம்.

"பாருங்க மேடம். பிழை பூஜ்யம்" என்று திரையின் மூலையைக் காட்டினார். உண்மையாகவே பூஜ்யம் என்றுதான் காட்டியது. அறிக்கையின் முதல் பக்கத்தில் அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாராம்.

"தம்பி, மூணு கால் முக்காலி என்னைக்காவது ஆடுமா?" என்றேன்.

"ஆடாது."

"ஒரு காலைக் குட்டையா வெட்டினாலும் ஆடாது. சாஞ்சு நிக்கும், ஆனா ஆடாது. உங்க மூணு புள்ளியும் அதேதான். மூணே மூணு வெச்சா, நீங்க கண்ணை மூடிக்கிட்டு எங்க குத்தினாலும் பிழை பூஜ்யம்னுதான் காட்டும். நாலாவது காலை வெச்சாதான் ஆடுதா இல்லையான்னு தெரியும்."

பாடத்தில் படித்திருப்பார் போல, முகத்தில் தெரிந்தது. நான் நாலாவது புள்ளியைக் கொடுத்தேன். அண்ணியின் தெரு ஏறி முடிகிற உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அளவைக்காரர்கள் நட்ட கல்தூண் இன்றும் நிற்கிறது. பழைய தாளில் அதற்கு ஒரு முக்கோணக் குறி. அவர் பொருத்திய படத்தில் அந்த முக்கோணம் எங்கே விழுந்திருக்கிறது என்று தேடச் சொன்னேன். திரையை நகர்த்திக்கொண்டே போனார். முக்கோணம் ஆற்றுக்கு நடுவில் கிடந்தது.

"மலையுச்சி ஆத்துக்குள்ள கிடக்கு. நல்லா நீச்சல் தெரியும் போலிருக்கு" என்றாள் அண்ணி.

மூன்றில் எந்தப் புள்ளி தப்பு என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ரயில் நிலையமும் மணிக்கூண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. பாலம் அப்படி இல்லை. பழைய பாலம் ஒரு வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய், அதற்குப் பிறகு ஆற்றின் மேல்பக்கத்தில் இப்போதைய பாலத்தைக் கட்டினார்கள். எங்கள் தாளின் அடுத்த பதிப்பில் பழைய பாலத்தை "இடிந்தது" என்று குறித்தே இருக்கிறார்கள், அதுவும் அடுத்த இழுப்பறையிலேயே இருக்கிறது, கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். மரக்கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் கரையில் இரண்டு கல் தூண்கள் மொட்டையாக இன்றும் நிற்கின்றன. இவர் பாலம் என்றால் பாலம் என்று பழையதைக் கொண்டுபோய்ப் புதியதில் குத்திவிட்டார். அந்தப் பக்கம் இருந்த ஓடை, ஊற்று, உச்சி எல்லாம் மூட்டைமுடிச்சோடு ஆற்றின் மேல்பக்கம் குடிபெயர்ந்துவிட்டன.

பாலத்தை இருந்த இடத்தில் குத்தியதும் தாள் சட்டென்று நகர்ந்தது. முக்கோணம் மேட்டுத் தூணின் மேல் போய் உட்கார்ந்தது. நீலக் கோடு அண்ணியின் சமையலறையை விட்டு இறங்கி, மருத்துவமனைக் கட்டடத்துக்கு அடியில் நுழைந்துகொண்டது.

மடிக்கணினிக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அறிக்கை குடுத்தாச்சு மேடம். அவங்க ஏத்துக்கிட்டாங்க."

"திருத்திக் குடுங்க."

"திருத்தினா, முதல்ல குடுத்தது தப்புன்னு ஆயிடும்."

"தப்புதானே?"

அண்ணி எழுந்து நின்றாள். "தம்பி, நான் அந்த வீட்டுல முதல்ல சமையக்கட்டுக்குத்தான் கூரை போட்டேன். மத்த ரூமுக்குக் கூரை வர்ற வரைக்கும் அடுப்புப் பக்கத்துலதான் படுத்தோம். அந்தச் சமையக்கட்டு மேலதான் நீங்க கோடு போட்டிருக்கீங்க. ஒரு புள்ளி கூட வெச்சுப் பாக்க உங்களுக்கு நேரம் இல்லையா?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அந்தப் பையனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆனாலும் திருத்திய படத்தை அச்செடுத்துக் கொடுத்தார். அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். அதில் கையெழுத்துப் போடவில்லை, அதையும் மறக்கவில்லை.

ஆட்சேபணைகளைக் கேட்கும் கூட்டம் நகராட்சி மாடியில் நடந்தது. கமிஷனர் அம்மா நடுவில், பக்கத்தில் தலைமைப் பொறியாளர். தெருக்காரர்கள் எல்லோரும் சுவரோரம் நின்றார்கள், நாற்காலிகள் குழுவுக்கு மட்டும்தான். அண்ணனும் வந்திருந்தான். நான் மூலத் தாளை விரித்து, பழைய பாலம், புதுப் பாலம், நாலாவது புள்ளி, பழுப்புக் கோட்டின் மூக்குகள் என்று எல்லாவற்றையும் காட்டினேன். என் வேலையில் நான் கோபத்தைக் கலப்பதில்லை, பொறுமையாகத்தான் பேசினேன். நீலக் கோடு இப்போது எந்தக் கட்டடத்துக்கு அடியில் போகிறது என்பதைக் கடைசியாகச் சொன்னேன்.

தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்றது எல்லாம் சரிதான். ஆனா இது ரொம்பப் பழைய படம். அந்தக் காலத்துல கையால வரைஞ்சது. இதை நம்பி ஒரு முடிவுக்கு வர முடியுமா?" என்றார்.

முதலில் எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்றே சந்தேகம் வந்தது.

"சார், இதே படத்தை நம்பித்தானே ஒரு தெருவையே காலி பண்ணச் சொல்லியிருக்கீங்க?"

"அது வேற. அது முறையா கம்ப்யூட்டர்ல பொருத்தினது."

"பொருத்தினது தப்புன்னுதான் இவ்வளவு நேரம் சொன்னேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன். பழைய படத்தைப் பொருத்தினா தப்பு வரும். அதனால நம்ப முடியாது."

இதற்கு மேல் பொறுமை எங்கிருந்து வரும்? "நேத்து வரைக்கும் ஏழை வீட்டு மேல கோடு போச்சு, அப்ப இது ஆதாரம். இன்னைக்கு உங்க கட்டடத்துக்குக் கீழ போகுது, உடனே இது பழைய காகிதம் ஆயிடுச்சா?" என்றேன். "இதை வரைஞ்சவங்க வெயில்ல நடந்து ஒவ்வொரு கிணத்தையும் எட்டிப் பாத்து வரைஞ்சிருக்காங்க சார். பாலம் இருந்த இடத்துல பாலம் போட்டாங்க, தண்ணி இருந்த இடத்துல தண்ணி போட்டாங்க. பொய் சொல்லணும்னு அவங்களுக்கு என்ன அவசியம்? உங்களுக்குத்தான் அவசியம் இருக்கு."

சுவரோரம் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கமிஷனர் அம்மா மேசையைத் தட்டினார். "அரசு ஊழியர் மாதிரி பேசுங்க" என்றார் என்னிடம். அரசு ஊழியர் எப்படிப் பேசுவார் என்று அப்போதுதான் பொறியாளர் பேசிக் காட்டியிருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அண்ணி முன்னே வந்துவிட்டாள்.

"அம்மா, படம் பழசா புதுசான்னு நீங்க பேசிக்கிட்டே இருங்க. மண்ணுல தோண்டிப் பாத்துட்டா தெரிஞ்சிடாதா? என் வீட்டு வாசல்ல ஒரு குழி தோண்டுங்க. ஆஸ்பத்திரிப் பின்பக்கம் ஒரு குழி தோண்டுங்க. என் வாசல்ல தண்ணி வந்தா நானே பாத்திரத்தை எடுத்துக்கிட்டு கிளம்பிடறேன்."

"பாத்துக்கலாம்" என்றான் என் அண்ணன், சுவரோரத்திலிருந்து. வாழ்க்கையில் முதல் முறையாக அந்தச் சொல் சரியான இடத்தில் வந்து விழுந்தது. பின்னால் நின்ற தெருக்காரர்கள் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டு, "ஆமா, பாத்துக்கலாம், தோண்டிப் பாத்துக்கலாம்" என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். கமிஷனர் அம்மாவால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

குழி தோண்டும் இயந்திரம் வந்தது. முதலில் அண்ணியின் வாசல். வாளியின் பற்கள் தரையில் பட்டு ணங் ணங்கென்று எகிறின. ஓட்டுநர் என்னென்னவோ பண்ணிப் பார்த்தார். ஆளுயரத்துக்கு ஆழம் போவதற்குள் அரை நாள் போய்விட்டது. பாறைக் கெட்டியாகச் சரளை, கொஞ்சம் சிவப்பு மண், அடியிலும் அதே சரளை. கையில் எடுத்துப் பிழிந்தால் புழுதி பறந்தது. அண்ணி அந்தப் புழுதியை ஒரு தாளில் மடித்துப் பொறியாளரிடம் நீட்டினாள். "இந்தாங்க, உங்க ஓடை" என்றாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு மருத்துவமனையின் பின்பக்கம், புதுக் கட்டடத்தின் சுவரை ஒட்டி. மேலே கொட்டியிருந்த கட்டட இடிபாடுகளை வழித்ததும் கறுப்பு வண்டல் மண் தெரிந்தது. வாளி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. வண்டலுக்குக் கீழே மணல், மணலோடு வழவழவென்று உருண்டைக் கூழாங்கற்கள். ஓடும் தண்ணீர்தான் கல்லை அப்படி உருட்டும். அடுத்த வாளியை எடுத்தபோது குழியின் ஒரு பக்கத்திலிருந்து தண்ணீர் கசிந்து, பிறகு குமிழியிட்டு வந்தது. மழை பெய்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. தெளிந்த தண்ணீர், அடியில் கிடந்த கற்கள் எல்லாம் தெரிந்தன. தண்ணீர் மெதுவாகக் கட்டடத்துச் சுவரை நோக்கி நகர்ந்து, அஸ்திவாரத்துக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ எவரோ, பெயர்கூடத் தெரியாத மனிதர்கள், காகிதத்தில் இழுத்த ஒரு நீலக் கோடு என் கண்ணெதிரே நகர்ந்துகொண்டிருந்தது.

கமிஷனர் அம்மா குழியின் ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பொறியாளரிடம், "அந்தத் தெரு நோட்டீஸை ரத்து பண்ணிடுங்க. இப்பவே எழுதிக் குடுத்துடுங்க" என்றார். பொறியாளர் காரின் மேல் தாளை வைத்து எழுதி, முத்திரை வைத்து, அண்ணியின் கையில் கொடுத்தார். அண்ணி அதை இரண்டு முறை படித்தாள். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இந்தக் கட்டடம்?" என்று கேட்டேன்.

"அதை நாங்க தனியா பேசிக்கறோம்" என்றார் கமிஷனர் அம்மா. காரில் ஏறப் போனவர் திரும்பி, "பேப்பர்காரங்க வர்றதுக்குள்ள இதை முடிங்க" என்றார்.

பொறியாளர் இயந்திரக்காரரைப் பார்த்துக் கையை அசைத்தார். "மூடிடுப்பா."

இயந்திரக்காரர் விழித்தார். "சார், தண்ணி வருதே?"

"அதான் மூடச் சொல்றேன். நல்லா அமுக்கி மூடு."

எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, வெட்கம் மானம் இல்லாமல், பட்டப்பகலில் சொன்னார். இயந்திரம் உறுமிக்கொண்டு மண் குவியலை நோக்கித் திரும்பியது. நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது, அந்த உறுமலில் யாருக்கும் கேட்டிருக்காது.

"இவங்களைக் கூட்டிக்கிட்டுப் போங்கம்மா. உங்களுக்கு வீடு கிடைச்சாச்சுல்ல?" என்றார் பொறியாளர், என்னைக் காட்டி அண்ணியிடம்.

அண்ணி ரத்து உத்தரவை நாலாக மடித்து அண்ணனின் சட்டைப் பைக்குள் வைத்தாள். "கிடைச்சாச்சு சார். வீடு எனக்குப் படுக்கறதுக்குத்தான். பகல் பூரா நான் இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கேன். எங்க தலைக்கு மேல மூணு மாடி இருக்கு."

"அதான் மோட்டார் ஓடுதேம்மா."

"கரண்டு போனா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளி வழித்த சரிவில் காலை ஊன்றி, பதறாமல் குழிக்குள் இறங்கினாள். தண்ணீர் அவள் கணுக்காலைத் தாண்டி ஏறியது. கூழாங்கற்களின் மேல் நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப மூடுங்க" என்றாள்.

இயந்திரக்காரர் அவளைப் பார்த்தார், பொறியாளரைப் பார்த்தார், பிறகு சாவியைத் திருகி இயந்திரத்தை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் சுவருக்கு அந்தப் பக்கம், கீழ்த்தளத்தில், மோட்டார் ஓடுவது எல்லோருக்கும் கேட்டது. நானும் செருப்பைக் கழற்றினேன்.